சுழலும் தட்டும் நம்பிக்கையும்

பலரும் கூடி உண்ணும் இடமே ஒழுக்கத்தின் உரைகல் என்பது நம் துணிபு. ஜப்பானியரின் சுஷிக் கடைகள் இதற்குச் சான்று பகரும். காடி கலந்த சோற்றின்மீது மீன்துண்டை வைத்துத் தரும் அவ்வுணவு, ஒரு காலத்தில் எளியோர்க்கு எட்டாத விலையினதாய் இருந்தது. பானப் புட்டிகள் ஆலையில் ஓடும் பட்டைமீது செல்வதைக் கண்ட யோஷியாக்கி ஷிராய்ஷி என்பார், 1958ஆம் ஆண்டு ஒசாகாவை அடுத்த ஊரில் தட்டுகளையும் அவ்வாறே சுழலவிட்டார். ஆட்செலவு குறைந்தது, விலை தாழ்ந்தது, குடும்பம் குடும்பமாக மக்கள் அமர்ந்து உண்ணலாயினர்.

முன்பின் அறியாதார் பலரைக் கடந்து வரும் தட்டை ஐயமின்றி எடுக்கச் செய்வது எது? பிறர் கை அதனை மாசுபடுத்தாது என்னும் நம்பிக்கையன்றோ! 2023ஆம் ஆண்டு சனவரியில், இளைஞர் ஒருவர் பொதுவில் வைத்த சோயாச் சாற்றுக் குப்பியை நாவால் தீண்டிய காட்சி பரவியதும் அந்நம்பிக்கை குலைந்தது. தட்டுகளைச் சுழலவிடுவதைப் பல கடைகள் நிறுத்தின. கேட்டவர்க்கு மட்டுமே நேரே அனுப்பலாயின. கண்காணிப்புக் கருவி பொருத்திய கடைகளும் உண்டு.

கருவி குற்றத்தைக் காட்டும், நாணத்தைத் தராது. ஒருவர் செய்த சிறுமைக்கு ஊரே விலை கொடுக்க நேர்கிறது. ஆதலின், பொதுப்பந்தியில் அமரும் பண்பினைச் சோற்றோடு சேர்த்தே நம் பிள்ளைகட்கு ஊட்டுவோமாக!