உறங்காத கைபேசி

திரையின் ஒளி அணைந்ததும் கைபேசி உறங்கிவிட்டது என்று கருதுவோர் நம்மிற் பலர். அணைந்தது திரை மாத்திரமே. கருவி விழித்தே இருக்கின்றது. அவ்வேளையில் அது யாருக்காக உழைக்கின்றது என்பதே நாம் ஆராய வேண்டிய வினாவாகும்.

உடையவருக்காக அது செய்யும் பணிகள் உள. அண்மையிலுள்ள கோபுரத்தை அறிந்து, தனக்கு அழைப்பு வந்துள்ளதா என்று ஓரிரு வினாடிகளுக்கு ஒருமுறை செவிசாய்க்கின்றது. இஃது இல்லையேல், நள்ளிரவிற் கண்டி தேசிய வைத்தியசாலையிலிருந்து வரும் அவசரச் செய்தி நம்மை எட்டாது. ஹந்தானைச் சரிவுகள் போன்று, மலை மறைத்து அலை நலியும் இடங்களில் அது மீண்டும் மீண்டும் கோபுரத்தைத் தேடுகின்றது. மின்கலம் விரைவில் வற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இவ்வுழைப்பை எவரும் குறைகூறார்.

ஆனால் பிறருக்காகச் செய்யும் பணியும் உண்டு. அன்ட்ரொயிட் கைபேசியும் ஐபோனும், எவரும் தொடாதிருக்கும்போதே, சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தத்தம் நிறுவனங்களுக்குத் தரவு அனுப்புகின்றன என்று டப்ளின் திரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021இல் அளந்து காட்டினார். பயனரின் கட்டணத் தரவை அவ்வாறு அனுமதியின்றிச் செலவிட்டமைக்காக, 2025 ஜூலையிற் கலிபோர்னியாவின் யூரிமார் கூகுள் நிறுவனம் 31 கோடி டொலருக்கு மேல் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்த்தனர். கருவியின் பாதுகாப்புக்கும் செம்மையான இயக்கத்துக்கும் இச்சேவைகள் இன்றியமையாதவை என்றும், தான் மேன்முறையீடு செய்வதாகவும் அந்நிறுவனம் கூறிற்று.

பாதுகாப்புக்கு வேண்டியதை அனுப்புவதில் எமக்கு மறுப்பில்லை. கேளாமல் எடுப்பதே தவறு. அளவு சிறிதுதானே என்பர் சிலர். 2020இற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையகத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டிலிருந்த ஒரே கைபேசியே வகுப்பறையாயிற்று. நாட்கூலியில் மிச்சம்பிடித்து ரீலோட் செய்யும் தோட்டத்துப் பெற்றோருக்குச் சிறிதென்று எதுவுமில்லை. மேலும், ஒருவர் இருக்குமிடமும் பழக்கமும் அவருடைய உடைமைகள். அவற்றின் மதிப்பைப் பணத்தால் மாத்திரம் அளத்தல் இயலாது.

நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் ஒத்திவைக்கப்பட்டது. சட்டத்துறையிற் புகழ்பெற்ற நம் பழைய மாணவர் இத்தாமதத்தைக் கேள்விக்குட்படுத்துதல் வேண்டும். பொறியியல் கற்றோர் விடுமுறை நாளொன்றில் வந்து, எந்தச் செயலி பின்னணியில் எவ்வளவு தரவைச் செலவிடுகின்றது என்று பார்க்கவும், வேண்டாததைத் தடுக்கவும் மாணவருக்குக் கற்பிக்கலாம். அமைப்புப் பக்கத்திற் சில நிமிடங்களிற் செய்யத்தக்க காரியம் இது. மாணவர் அதனைத் தம் பெற்றோருக்கும் கற்பிப்பாராக.

கருவி நம்முடையது, கட்டணமும் நம்முடையது. அனுமதி அளிக்கும் உரிமையும் நம்முடையதாதலே முறை.