சுப்கரண் சிங் நம்ம வீட்டுப் பிள்ளை



2024 பிப்ரவரி 21. பஞ்சாப் - ஹரியானா எல்லையில் கனௌரி என்ற இடம். விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை கேட்டு டெல்லிக்குப் புறப்பட்ட விவசாயிகளைத் தடுப்புச் சுவர் கட்டி, கண்ணீர்ப்புகைக் குண்டு வீசி மறித்தார்கள். அன்றைக்கு ஓர் இளைஞன் தலையில் காயம்பட்டுச் செத்து விழுந்தான். பெயர் சுப்கரண் சிங். ஊர் பதிண்டா மாவட்டம் பல்லோ கிராமம். வயசு இருபத்தொன்னு.

"பஞ்சாப்காரன் செத்ததுக்கு இராஜபாளையத்துல எதுக்குய்யா நோட்டீஸ்?" என்று சிலர் கேட்பார்கள். பஞ்சாப் விவசாயி என்றால் டிராக்டரும் காருமாய் வாழ்கிறவன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சுப்கரண் வீட்டு நிலவரத்தைக் கேளுங்கள். சொந்த நிலம் இரண்டு மூணு ஏக்கர்தான். அது போதாமல் குத்தகைக்கு நிலம் எடுத்து உழுதான். அதுவும் போதாமல் கால்நடை வளர்த்தான். வளர்த்து ஆளாக்கிய பாட்டி, கூடப் பிறந்த சகோதரிகள், ஒரு சகோதரி கல்யாணத்துக்கு வாங்கின கடன். இவ்வளவையும் தோளில் சுமந்துகொண்டுதான் ஊர்க்காரர்களோடு போராட்டக் களத்துக்கும் போனான்.

இது யார் வீட்டுக் கதை? சேத்தூரிலும் தேவதானத்திலும் மம்சாபுரத்திலும் வத்திராயிருப்பிலும் உள்ள நம்ம வீட்டுக் கதைதான். மானாவாரி நிலம் கைவிடுகிற வருஷத்தில் நம்மைக் காப்பாற்றுவது தொழுவத்தில் நிற்கும் இரண்டு மாடும் நாலு ஆடும்தான். பள்ளிக்கூடப் பீஸா, பால் பணம். ஆஸ்பத்திரிச் செலவா, கிடாயை வித்துக் கட்டு. நிலத்தில் விட்டதை மாட்டில் பிடிக்கிற சம்சாரிதான் சுப்கரண்.

அவன் என்ன கேட்டான்? இலவசமா கேட்டான்? கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-லேயே பரிந்துரைத்ததைத்தான் கேட்டான். உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதம் சேர்த்து விலை கொடு என்றது அந்த ஆணையம். 2024 பிப்ரவரி 9-ல் சுவாமிநாதனுக்குப் பாரத ரத்னா அறிவித்தார்கள். சரியாகப் பன்னிரண்டாம் நாள், அவர் சொன்னதைக் கேட்டு நடந்த பிள்ளை பிணமாகக் கிடந்தான். சொன்னவருக்கு விருது, கேட்டவனுக்குச் சாவு. இதைவிடக் கொடுமை உண்டா?

நாங்கள்தான் 50 சதம் கொடுக்கிறோமே என்கிறது மத்திய அரசு. கணக்கில்தான் சூது இருக்கிறது. கைக்காசு செலவையும் வீட்டு ஆள் உழைப்பையும் மட்டும் கூட்டி அதற்கு மேல் 50 சதம் போடுகிறார்கள். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு, போட்ட முதலுக்கு வட்டி இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரன் கடை வாடகையைக் கழிக்காமல் லாபம் பார்ப்பானா?

அந்தக் குறைந்த விலையாவது கைக்கு வருகிறதா? 2025-26-க்கு மக்காச்சோளத்துக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். நடுத்தர இழைப் பருத்திக்கு 7,710 ரூபாய். அறிவிப்பு பேப்பரில் வருகிறது. அதற்குக் குறைந்து வாங்கினால் குற்றம் என்று சட்டம் கிடையாது. நெல்லுக்காவது கொள்முதல் நிலையம் உண்டு. காட்டுப்பன்னிக்குத் தப்பி வீடு வந்து சேருகிற மக்காச்சோளத்துக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. பாலுக்கு அந்த அறிவிப்புகூடக் கிடையாது. ஆதரவு விலைப் பட்டியலில் பாலே இல்லை! 2023 டிசம்பரில் ஆவின் பாலுக்குத் தமிழக அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. அதுவும் போராடிப் பெற்றதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். அந்தப் பாலைக் கறக்கிற கைக்கு என்ன குறியீடு?

மேய்ச்சலையும் பாருங்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காட்டில் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது. பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று அதைச் சுருக்கியது. நம்ம மேற்கு மலையோ 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். புலி வாழட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமை என்றுதானே சொல்கிறது? தலைமுறை தலைமுறையாய் மலைமாடு மேய்த்தவன் இனி எங்கே போவான்?

இந்த லட்சணத்தில்தான், "இந்தக் காலத்துப் பயலுக மாடு மேய்க்க மாட்டேங்குறானுங்க" என்று பிள்ளைகளைக் குறை சொல்கிறார்கள். மில்லுக்கும் திருப்பூருக்கும் போகிறவனைத் திட்டி என்ன பயன்? ஊரில் தங்கி மாடு வளர்க்கிற பையனுக்குப் பொண்ணு கொடுக்க ஆள் இல்லை. விவசாயத்தை நம்பி நிற்கிற இளைஞன் இன்றைக்கு அபூர்வம். அப்படி நின்ற ஒருத்தனைத்தான் கனௌரியில் பறிகொடுத்தோம்.

அவன் தலையில் துப்பாக்கிச் சன்னங்கள் இருந்தன. சுட்டது தாங்கள் இல்லை என்றது ஹரியானா போலீஸ். வழக்குப் பதிவு செய்யாமல் உடலை எரிக்க மாட்டோம் என்று உறுதியாய் நின்றார்கள் விவசாயிகள். எட்டு நாள் கழித்து, வழக்குப் பதிவான பிறகு, பிப்ரவரி 29-ல்தான் தகனம் நடந்தது. மார்ச் 7-ல் பஞ்சாப் - ஹரியானா உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஜெய்ஸ்ரீ தாக்கூர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. பஞ்சாப் அரசு குடும்பத்துக்கு 1 கோடி ரூபாயும் சகோதரிக்கு அரசு வேலையும் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பணம் கொடுத்தால் கோரிக்கை செத்துவிடுமா?

தமிழ்நாட்டு விவசாயிக்குத் துப்பாக்கிச் சூடு புதுசு இல்லை. 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த மூன்று விவசாயிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் பலர் விழுந்தார்கள். விழுந்தவர்களை மறக்காமல் நாராயணசாமி நாயுடு காலத்தில் ஊர் ஊராய்ச் சங்கம் கட்டிப் போராடியதால்தான் 1990-ல் இலவச மின்சாரம் வந்தது. இன்றைக்கு நம்ம தென்னந்தோப்பில் ஓடுகிற மோட்டார் அந்த ரத்தத்தில் ஓடுகிறது. செத்தவனை நினைப்பது என்றால் படத்துக்கு மாலை போடுவது மட்டும் அல்ல. அவன் கேட்டதை வாங்கிக் காட்டுவதுதான்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

குறைந்தபட்ச ஆதரவு விலையை, நில வாடகையும் முதலுக்கு வட்டியும் சேர்த்த முழுச் செலவோடு 50 சதம் கூட்டி, சட்டமாக்கு!

தீவன விலை ஏறும்போது பால் விலையும் ஏறும்படி, ஆண்டுதோறும் செலவைக் கணக்கிட்டு விலை நிர்ணயம் செய்!

மக்காச்சோளத்தையும் பருத்தியையும் நம்ம வட்டாரத்திலேயே ஆதரவு விலைக்கு நேரடியாகக் கொள்முதல் செய்!

வன உரிமைச் சட்டப்படி மேய்ச்சல் உரிமையை வழங்கு!

சுப்கரணைச் சுட்டவன் யார்? நாட்டுக்குச் சொல்லு!

பிப்ரவரி 21 வரும்போது ஒவ்வொரு ஊரிலும் பால் ஊற்றும் இடத்தில் அஞ்சு நிமிஷம் நின்று அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லுவோம். கூட வந்த பொடியன்கள் "யாரு அது?" என்று கேட்பார்கள். சொல்லிக் கொடுப்போம். அடுத்த போராட்டத்துக்குக் கொடி பிடிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.