குடிச்ச ஈரலும் குடிக்காத ஈரலும்

எங்கட கூட்டாளி ஒருத்தியின் அம்மாவுக்குக் கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் மறிச்சார்கள். ஈரல் வருத்தம் என்ற சொல் வெளியில் வந்ததும் பார்க்க வந்த சனம் கேட்ட முதல் கேள்வி, "அவ குடிக்கிறவவோ?" இல்லையெண்டு தெரிஞ்ச பிறகு, "அப்ப மனுசன் குடிக்கிறவரோ?" மனுசன் குடிச்சால் மனுசியின்ர ஈரல் எப்பிடிப் பழுதாகும் என்று ஒருத்தரும் யோசிக்கேல்லை. வருத்தத்துக்கு ஒரு குற்றவாளி வேணும், அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்கு வந்தது தன்னுடல்தாக்க ஈரல் அழற்சி. கிருமியை அடிக்க வேண்டிய ரி கலங்கள் சொந்த ஈரல் கலங்களையே அடிக்கிற வருத்தம். இது புதுசாகக் கண்டுபிடிச்ச ஒன்றில்லை. சுவீடனில் வால்டன்ஸ்ட்ரோம் 1950இலேயே இளம் பெண்களிடம் கண்ட நாட்பட்ட ஈரல் அழற்சியைப் பற்றி எழுதிவிட்டார். 1956இல் மெல்பேர்னில் இயன் மக்கேயும் அவரோடு வேலை செய்தவர்களும் இது நிர்ப்பீடனத் தொகுதி வழிதவறியதால் வருவதாக இருக்கலாம் என்ற திசையில் போனார்கள். எழுபது வருசம் ஓடிட்டுது. எங்கட ஊருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரேல்லை.

கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அம்மாவின் கிளினிக் கொப்பியை வாசிக்க வெளிக்கிட்டுத்தான் நாங்களும் இதற்குள் விழுந்தோம். விழுந்த இடம் சுவாரசியமானது. ஈரலுக்குப் போகிற இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி குடலில் இருந்து வாயில் நாளம் வழியாக வருகிறது. சாப்பாட்டுத் துணிக்கையும் நுண்ணங்கிகளின் துண்டுகளும் அதோடு ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் சண்டைக்குப் போனால் ஈரல் ஒரு கிழமை தாங்காது. அதனால் பொறுத்துப் போகப் பழகிய உறுப்பு அது. 1969இல் ரோய் கானும் அவருடைய குழுவினரும் பன்றிகளுக்கு ஈரல் மாற்றிப் பார்த்தபோது, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து இல்லாமலேயே பல பன்றிகள் அந்நிய ஈரலை ஏற்றுக்கொண்டன. இவ்வளவு பொறுமையான உறுப்பில் பொறுமை எங்கே, ஏன் உடைகிறது? உலகத்தில் எத்தனையோ பேர் கலாநிதிப் பட்டத்துக்காக வருசக்கணக்கில் தேடுவது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

பதிலின் ஒரு துண்டு ஆறாம் நிறமூர்த்தத்தில், எச்எல்ஏ என்ற பரம்பரையலகுக் கூட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பியரில் டிஆர்3, டிஆர்4 என்ற வகைகள் இந்த வருத்தத்தோடு சேர்ந்து வருகின்றன. யப்பானியரில் டிஆர்4இன் வேறொரு உபவகை. ஆனால் இவற்றைச் சுமக்கிற ஆட்களில் ஆகப் பெரும்பாலானவர்களுக்கு வருத்தம் வருவதே இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கு. "பரம்பரையலகு" என்ற சொல்லைக் கேட்டதும் எங்கட ஆட்களுக்குச் சாதகக் கட்டுத்தான் ஞாபகம் வரும். கூட்டாளிக்குக் கலியாணம் பேசிய இடத்தில் இருந்து "தாய்க்குப் பரம்பரை வருத்தமாமே" என்று விசாரிச்சிருக்கிறார்கள். நேற்றுவரை குடி, இன்றைக்குப் பரம்பரை. கேள்வி மாறினாலும் கேட்கிற வாய் ஒன்றுதான்.

சரி, இவ்வளவும் சனத்தைப் பேசியாச்சு. இனி எங்களைப் பற்றி.

அந்த அம்மாவுக்காக வாதாடும்போது நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, "அவ ஒரு சொட்டும் குடிக்கிறேல்லை" என்பதைத்தான். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதற்குள் இன்னொரு வசனமும் ஒளிந்திருக்கிறது: குடிச்சிருந்தால் இது சரிதான். பக்கத்துக் கட்டிலில் கிடக்கிற குடிகார மனுசனை நாங்களே கைகழுவி விட்டுத்தான் அவவைக் காப்பாற்றியிருக்கிறோம்.

இதையே பெரிய இடங்களிலும் செய்திருக்கிறார்கள். பிபிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பித்தக்கான் வருத்தம் ஒன்று இருக்கிறது. பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அதன் பெயரில் இருந்த "சிரோசிஸ்" என்ற சொல்லால் தங்களைக் குடிகாரர் என்று நினைக்கிறார்கள் என நோயாளிகள் போராடி, 2015இல் அதைக் "கொலஞ்சைற்றிஸ்" என்று மாற்ற வைத்தார்கள். கண்டறியும்போது பலருக்குச் சிரோசிஸே இல்லை, அதனால் மாற்றியது சரி. சிரோசிஸ் என்ற சொல்லோடு மிஞ்சி நிற்கிறவர்களின் கதி என்ன என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அந்த மிஞ்சியவர்களைப் பற்றியும் ஆராய்ச்சி பேசுகிறது. 2008இல் டல்லாஸ் ஆய்வில் பிஎன்பிஎல்ஏ3 என்ற பரம்பரையலகில் ஒரு மாறுபாட்டைக் கண்டார்கள். அது இருந்தால் ஈரலில் கொழுப்பு கூடுதலாகச் சேரும். குடிக்கிறவர்களில் சிரோசிஸ் வரும் ஆபத்தையும் அதே மாறுபாடு கூட்டுகிறது என்று பின்னால் தெரிய வந்தது. அதாவது ஒரே தவறணையில், ஒரே போத்தலில், ஒரே அளவு குடிச்ச இரண்டு பேரில் ஒருவர் எண்பது வயசு வரை இருப்பார், மற்றவர் நாற்பத்தைந்தில் வயிறு வீங்கிச் சாவார். ஒழுக்கத்துக்குக் கிடைச்ச கூலி என்று இதை எப்பிடிச் சொல்வது? குடி ஈரலைக் கெடுக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. கெடுக்கும். கெட்டுப்போன ஈரலுக்கு வைத்தியம்தான் வேணும், தீர்ப்பில்லை.

ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, கூடுதலாகக் குடிக்காமலேயே ஈரலில் கொழுப்பு இருந்தது. மூன்றில் ஒருவர்! எங்கட வீட்டிலயும் ஆரோ ஒருத்தர் இருப்பினம். இந்த ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. தமிழில் சொல்லச் சொல் இல்லை என்று யாரும் சாட்டுச் சொல்ல வேண்டாம். நிர்ப்பீடனம், பிறபொருளெதிரி, நிறமூர்த்தம் எல்லாம் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படிச்ச சொற்கள்தான். இலங்கைப் பல்கலைக்கழகம் எதிலும் கலாநிதி ஆய்வேட்டைக் கையளிக்கிறவர் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேணும் என்று ஒரு விதி கொண்டுவரக் கூடாதா? எழுத ஆளில்லை என்றால் கலைப்பீடத்தில் நாங்கள் இருக்கிறம். மருத்துவபீடக்காரர் பக்கத்தில் இருந்து பிழை திருத்தட்டும்.

கூட்டாளியின் அம்மா இப்ப பிரட்னிசலோனைக் குறைச்சு அசதியோப்பிரினில் நிற்கிறா. முகம் கொஞ்சம் ஊதியிருக்கு, மற்றபடி சுகம். ஆரும் கேட்டால் "செங்கமாரி வந்தது" என்று மட்டும் சொல்லுவா. ஈரல் என்ற சொல்லை அவ வாயில் எடுக்கிறதில்லை.