இலை விலை தெரியும், விளம்பர விலை தெரியுமா?

எங்க பச்சைத் தேயிலைக்கு மாசாமாசம் டீ போர்டு ஒரு சராசரி விலை அறிவிக்கும். கட்டுப்படி ஆகுதோ இல்லையோ, ஊரறிஞ்ச விலை அது. தேர்தல் சமயத்துல டிவியில ஓடற கட்சி விளம்பரத்துக்கு என்ன விலைன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?

கேபிள் டிவி விதிப்படி அரசியல் விளம்பரமே கூடாது. 2004 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் வழி விட்டது. தேர்தல் ஆணையத்தோட குழு முன்கூட்டியே பார்த்துச் சான்று கொடுத்தா ஒளிபரப்பலாம். விண்ணப்பத்துல தயாரிப்புச் செலவு, எத்தனை தடவை ஓடும், தடவைக்கு என்ன ரேட் எல்லாம் எழுதணும். ஆக, விலை காகிதத்துல இருக்கு. ஆனா குழு சான்று தர்றது விளம்பரத்துல சொல்ற சங்கதிக்குத்தான். ரேட்டுக்கு உச்சவரம்பு கிடையாது.

வேட்பாளருக்கு வரம்பு இருக்கேம்பீங்க. இருக்கு. 2022-லருந்து தமிழ்நாட்டுல நாடாளுமன்றத் தேர்தலுக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம். ஆனா வேட்பாளர் பேரைச் சொல்லாம கட்சி பொதுவாப் போடற விளம்பரம் அவர் கணக்குல ஏறாது. கட்சிச் செலவுக்கோ வரம்பே இல்லை. கட்சி கணக்குக் கொடுக்கறதும் ஓட்டெல்லாம் போட்டு முடிஞ்ச பிறகுதான்.

எங்க தொகுதியையே எடுத்துக்குங்க. ஊட்டி, குன்னூர், கூடலூரோட மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரும் சேர்ந்தது நீலகிரி. இங்க நிக்கற ஒரு சுயேச்சை சென்னை சேனல்ல விளம்பரம் கொடுத்தா, 39 தொகுதிக்கும் சேர்த்துக் காசு கட்டணும். பெரிய கட்சிக்கு அதுவே லாபம். தூர்தர்ஷன், வானொலியில இலவச நேரம் உண்டுதான். அதுவும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும்.

"இப்ப எல்லாம் ஃபோன்தானே, டிவி யார் பாக்கறா?"ன்னு நகரத்து நண்பர்கள் கேப்பீங்க. எஸ்டேட் லயன் வீடுகளுக்கு ஒரு சாயங்காலம் வந்து பாருங்க.

அமெரிக்காவுல பொதுத்தேர்தலுக்கு முந்தின 60 நாள், அதே நேரத்துக்கு மத்த விளம்பரதாரருக்குக் கொடுக்கற ஆகக் குறைஞ்ச ரேட்டைத்தான் நிலையம் வேட்பாளர்கிட்ட வாங்கணும். பிரிட்டன்ல டிவி, ரேடியோவுல காசு கொடுத்து அரசியல் விளம்பரமே போட முடியாது. கட்சிகளுக்கு இலவச நேரம் தர்றாங்க.

நம்மூர்ல ரெண்டும் இல்லை. நான் கேக்கறது மூணுதான். ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே அந்த விண்ணப்பத்துல இருக்கற ரேட்டை வெளியிடுங்க. எல்லாருக்கும் ஒரே ரேட்னு விதி போடுங்க. கட்சிச் செலவுக்கும் வரம்பு கட்டுங்க. கிலோ இலைக்கே விலை அறிவிக்கற நாட்டுல, ஓட்டைக் கேக்கற விளம்பரத்தோட விலையை மட்டும் ஏன் மறைக்கணும்?