ஆறாம் அறிவின் கடமை

மனிதனும் ஒரு விலங்கே என்றால் பலர் முகம் சுளிப்பர். கொடுஞ்செயலை 'மிருகத்தனம்' எனப் பழிப்பதும் அவ்வெண்ணத்தின் விளைவே.

ஆயினும் உடலமைப்பு உண்மையைக் கூறுகிறது. மனிதனின் கழுத்தில் உள்ள முள்ளெலும்புகள் ஏழு. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் சுண்டெலியின் சிறுகழுத்திலும் ஏழே உள்ளன. 1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் மனிதனைக் குரங்கினங்களோடு ஒரே வரிசையில் வைத்தார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தது. புல்லில் தொடங்கிய அவ்வரிசையிலேயே மனிதனையும் சேர்த்தது.

ஆறாம் அறிவாகிய மனம் உடையவன் ஆதலால் மனிதனே மற்ற உயிர்களின் தலைவன் என்பர் சிலர். அறிவு மிகுந்தால் பொறுப்பும் மிகும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இந்தியாவில் மாடுகளின் வலியைப் போக்க டைக்ளோபினாக் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. அம்மருந்து உட்கொண்டபின் இறந்த மாடுகளைத் தின்ற பாறு கழுகுகள், சிறுநீரகம் பழுதடைந்து மடிந்தன. வானில் கூட்டங்கூட்டமாய் வட்டமிட்ட பறவைகள் சில ஆண்டுகளில் அரிதாயின. அவை உண்டு தூய்மை செய்துவந்த ஊர்ப்புறங்களில் மாட்டுடல்கள் அழுகிக் கிடந்தன. 2006ஆம் ஆண்டில்தான் கால்நடைகளுக்கு அம்மருந்து கொடுப்பது தடைசெய்யப்பட்டது.

மருந்து கொடுத்தவர் தீய எண்ணம் உடையவர் அல்லர். மாட்டின் நோய் தீர்க்கவே கொடுத்தனர். மாட்டுக்கும் கழுகுக்கும் மனிதனுக்கும் உள்ள தொடர்பை எவரும் எண்ணிப் பாராததே குறை. அத்தொடர்பை எண்ணிப் பார்ப்பதே ஆறாம் அறிவின் முதற்கடமை. தானும் விலங்கினத்துள் ஒருவன் என உணர்பவனுக்கே அக்கடமை எளிதில் விளங்கும்.