முந்நூற்று நான்கும் குறிப்பறிதலும்

விழா மலரொன்றிலே கடதாசி விளையாட்டைப் பற்றித் தமிழாசிரியர் எழுதப் புகுவது பொருந்துமோ என அன்பர் சிலர் வினவக்கூடும். கல்லூரியின் வரலாறு, பழைய அதிபர்தம் தொண்டு, மைதானத்து வெற்றி என்பனவே மலருக்குரிய பொருள் என்பது மரபு. ஆயினும், பழைய மாணவர் கூடுமிடம் கொழும்பாயினும் இலண்டனாயினும் ரொறன்ரோவாயினும், விருந்து முடிந்து பேச்சு ஓய்ந்தவுடன் நால்வர் ஒரு மேசையைச் சூழ்ந்து கடதாசிக் கட்டைக் கலைக்கத் தொடங்குவதை யாவரும் கண்டிருக்கின்றோம். அவர்கள் ஆடுவது பெரும்பாலும் முந்நூற்று நான்கே. கடல் கடந்த நாடுகளிலே பழைய மாணவர் சங்கங்கள் அதற்குப் போட்டியும் நடத்துகின்றன. கல்லூரி வாயிலுக்குள்ளே விலக்கப்பட்ட ஒன்று, வாயிலைக் கடந்தபின் எம்மவரைப் பிணைக்கும் கயிறாய் இருப்பது சிந்திக்கற்பாலது.

எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். பணம் வைத்தாடும் ஆட்டம் எவ்வுருவில் வரினும் விலக்கற்பாலதே. பணம் வையாது ஆடும் முந்நூற்று நான்கோ மாணவர்க்கு விலக்கத் தக்கதன்று. முறையறிந்து பயிற்றத் தக்கது.

திருவள்ளுவரைத் துணைக்கழைத்து எம்மை மறுப்போர் உளர். சூது என்னும் 94 ஆம் அதிகாரத்தை அவர்கள் சுட்டுவர். அதனை யாமும் வகுப்பிலே கற்பித்து வருகின்றோம். அதன் ஒரு சொல்லையும் மறுக்கவில்லை. ஆயின், அதே நூலிற் குறிப்பறிதல் என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள்ளன என்பதையும் நினைவூட்டுகின்றோம். ஒன்று பொருட்பாலில் 71 ஆம் அதிகாரம். மற்றது காமத்துப்பாலில் 110 ஆம் அதிகாரம். அரசவையிலும் இல்லறத்தின் வாயிலிலும் பிறர் உள்ளத்தைச் சொல்லாமலே உணரும் திறம் வேண்டுமென்று கருதியே ஒரே தலைப்பை அவர் இருமுறை வைத்தார் போலும். முந்நூற்று நான்கு எந்த அதிகாரத்தைச் சார்ந்தது என்பதே ஈண்டு வினா.

ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். ஏழு முதல் ஏஸ் வரையுள்ள 32 கடதாசிகள். எதிரெதிரே அமர்ந்த இருவர் ஓர் அணியாக நால்வர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. இராசாவையும் இராணியையும் தாழ்த்தி ஜாக்கையும் ஒன்பதையும் அரியணை ஏற்றிய இவ்வமைப்பு புதியவரைத் திகைக்கச் செய்யும். ஒல்லாந்தர் நாட்டு ஆட்டமொன்றிலே துரும்பினத்துக்கு மாத்திரம் இவ்வுயர்வு உண்டு. எம்மிடத்தில் நான்கினத்துக்கும் உண்டு. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அவர் வழியே இது வந்திருக்கலாம் எனக் கருதுவர். மலையாள நாட்டில் வழங்கும் இருபத்தெட்டு என்னும் ஆட்டமும் இக்குடும்பத்ததே.

வியப்பு இதனோடு முடியவில்லை. முதலில் நான்கு கடதாசிகளே கைக்கு வரும். அந்நான்கை மாத்திரம் பார்த்து, குறைந்தது 160 எடுப்போம் என்று ஒருவர் கேட்டல் வேண்டும். 304 இன் பாதி 152. ஆகவே, கேட்பவர் தம் கையிற் பாதியைக் காணுமுன்னரே, ஆட்டத்திற் பாதிக்கு மேல் எடுப்பதாக வாக்களிக்கின்றார். எதை நம்பி அவ்வாக்கு? எதிரே இருப்பவரின் கையை நம்பி. அக்கையை அவர் கண்டதில்லை. மேலும், துரும்பாகத் தெரிந்த கடதாசியை அவர் கவிழ்த்தே வைக்கின்றார். அது எவ்வினமென்பது எதிரிக்கு மட்டுமன்றித் தம் கூட்டாளிக்கும் தெரியாது. இறக்கிய இனம் தன் கையில் இல்லாதவர் தம் கடதாசியைக் கவிழ்த்தே இடுவர். கேட்டவர் அதனை எடுத்து நோக்கித் துரும்பாயின் காட்டுவார், அன்றாயின் அது கவிழ்ந்தபடியே போகும். இத்தனைக்கும் வாய் திறத்தல் ஆகாது. கூட்டாளி எதை முதலில் இறக்கினார், எதைத் தயங்கி இறக்கினார், எதை இறுதிவரை காத்தார் என்பனவற்றைக் கொண்டே அவர் உள்ளத்தை அறிதல் வேண்டும்.

இக்காலத்து மேனாட்டார் இதே வழியை நோக்கி வருவது எமக்கு மகிழ்ச்சி தருகின்றது. ஆடுவோர் யாவரும் ஓரணியாய் நின்று கடதாசிக் கட்டையே எதிரியாகக் கொண்டு போராடும் விளையாட்டுகள் அங்கே பெருகியுள்ளன. ரொல்கினின் மோதிரக் கதையைத் தழுவி 2011 இல் வெளிவந்த கடதாசி விளையாட்டு அத்தகையது. வீரர் கூட்டமொன்று அரக்கரையும் இருளையும் எதிர்த்துச் செல்ல, இன்னலெல்லாம் கட்டிலிருந்தே ஒவ்வொன்றாய் எழும். இவ்வகை ஆட்டங்களில் ஒரு குறை உண்டு. ஆடித் தேர்ந்த ஒருவர் ஏனையோர்க்கும் தாமே கட்டளையிட்டு, மூவரைக் கைப்பாவையாக்கிவிடுவர். அதற்கு மருந்தென்ன? பேச்சைக் குறைத்தலே. 2010 இல் வந்த ஹனாபி என்னும் ஆட்டத்தில் ஒருவர் தம் கடதாசியைத் தாம் காணலாகாது, பிறரே காண்பர். குறிப்புச் சொல்லவும் அளவுண்டு. 2013 இல் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டென்று அது பரிசு பெற்றது. புதுமையென்று அவர் கண்ட மருந்தை எம் பாட்டனார் பாயிலிருந்தே அறிந்திருந்தனர். கையை மறை, வாயை மூடு, கூட்டாளியை நம்பு என்பதே அது.

இம்மௌனத்தின் பயனை யாம் நூலிற் கற்றிலேம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது யாம் பாடசாலைச் சிறுவர். ஒரு கட்டடத்திற் பல குடும்பங்களோடு தங்கினோம். ஒருவர் மடியிலே கடதாசிக் கட்டொன்று தப்பி வந்திருந்தது. அதில் இரண்டு காணாமற் போயின. சவர்க்காரப் பெட்டி மட்டையை வெட்டி அவ்விரண்டையும் செய்தனர். மட்டை எவர் கையில் உள்ளதென்பது முதுகைப் பார்த்தாலே தெரியும். தெரிந்தும் தெரியாதார்போல ஆடினர். அந்நால்வருள் இருவர், ஊரிலே எல்லை வேலி வழக்கினாற் பல்லாண்டாய் முகம் பாராதவர். வேறு ஆள் இன்மையால் எதிரெதிரே அமர நேர்ந்தது. பேசாமல் ஆடும் ஆட்டமாதலின் ஆடினர். மூன்றாம் நாளிரவு, சாம் போத்தல் விளக்கொளியில், இளையவர் தலை நிமிர்ந்து, “ஏன் அண்ணை அந்த ஏஸைப் பிடிச்சு வைச்சனீங்கள்?” என்றார். வழக்குத் தொடங்கியபின் அவர் சொன்ன முதற்சொல் அதுவே. மூத்தவர் விடை கூறுமுன் சிறிது நேரம் சென்றது. ஊர் திரும்பியபின் அவ்வேலி எந்த இடத்தில் நின்றதென்பதை யாம் அறியோம். ஆயின் இருவரும் ஒரே பாயில் இருந்ததைக் கண்டோம்.

பாரதத்துச் சூதினை இதனோடு ஒப்பிடுக. தருமனுக்கு நான்கு தம்பியர் அருகில் இருந்தனர். அவர்களை அவன் பணயமாக்கினான், கூட்டாளிகளாக்கினானில்லை. சூதுக்கும் எம் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே, அதுவே பெரிது.

எனினும் எம்மவர் ஆட்டத்திற் குற்றமில்லை என்று கூறோம். கண் சிமிட்டியும் விரல் மடக்கியும் துரும்பைத் தெரிவிப்பவர் உளர். அவர் வெல்வது எதிரியை அன்று. ஆட்டத்தின் உயிரையே கொல்கின்றார். ஆட்டம் முடிந்தபின் கூட்டாளியை அனைவர் முன்னும் வைபவர் உளர். கண்ட கையை வைத்துக் காணாத கையைக் கண்டித்தல் எளிது. அவர் இருந்த இடத்திலிருந்து நோக்கினாரா என்பதே கேள்வி. மரண வீட்டில் இரவிரவாக விழித்திருப்போர்க்குத் துணையாய் வந்த ஆட்டம், போத்தலுக்கும் துணையாவது உண்டு. ஆடவர் பாயில் இருக்கப் பெண்டிர் தேநீர் சுமப்பதும் வழக்கமாய்விட்டது. குறிப்பறிதலில் ஆடவரினும் வல்லாரை அடுக்களையில் நிறுத்திவைப்பது எவ்வகை நியாயம்?

மாணவர் படிப்புக் கெடும் என்பார்க்கு ஒன்று கூறுவோம். இன்று மாணவர் கையிற் கைத்தொலைபேசி உண்டு. அதில் அவர் தனியே ஆடுகின்றார். எதிரே முகம் இல்லை. ஒரே வாங்கில் மூவர் இருந்தும் மூவரும் மூன்று உலகில் இருப்பதை இடைவேளைதோறும் காண்கின்றோம். அவரிடமிருந்து யாம் அஞ்சுவது கடதாசியை அன்று, அத்தனிமையையே.

ஆதலின், இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் சங்கத்தாரை ஒன்று வேண்டுகின்றோம். ஆண்டுக்கொரு மாலை, கல்லூரி மண்டபத்தில் முந்நூற்று நான்கு மேசைகள் இடுக. ஒவ்வோர் அணியிலும் பழைய மாணவர் ஒருவரும் இன்றைய மாணவர் ஒருவரும் கூட்டாளியராகுக. விதிகள் நான்கு போதும். பணம் இல்லை, சைகை இல்லை, வசை இல்லை, மணி அடித்ததும் எழுதல் வேண்டும். அறுபது வயதுப் பெரியார் 160 கேட்டுத் தம் துரும்பைக் கவிழ்த்து வைக்கும்போது, அவ்வாக்கிற் பாதியைக் காக்கும் பொறுப்பு எதிரே அமர்ந்த பதினாறு வயதுப் பிள்ளையின் கைக்கு வருகின்றது. கல்லூரி என்பதும் அத்தகைய ஒப்படைப்பன்றோ?