ஆடிக் கிழித்தவன்தான் சொல்லிக் கொடுக்கணுமா?

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் கரட் மூட்டை இறக்கிவிட்டுப் பிளேன்ரீ குடிப்பவரிடம், இலங்கை அணி ஏன் தோற்றது என்று கேட்டுப் பாருங்கள். “கோச் என்ன, ஆடிக் கிழிச்சவனா?” என்று ஒரே கேள்வியில் வழக்கை முடித்துவிடுவார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. படித்தவர்களும் அதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் நாகரிகமாக.

இதற்கு எதிர்ச்சாட்சி அதே ஊரில், குளத்தோரம் இருக்கிறது. 2005 ஜூலை 30, ரங்கிரி தம்புள்ளை மைதானம். இந்தியப் பயிற்றுநராக கிரெக் சப்பலுக்கு அதுதான் முதல் ஆட்டம். 87 டெஸ்ட், 24 சதங்கள், 7,110 ஓட்டங்கள் எடுத்த மனிதர். எதிரணி அறையில் டொம் மூடி. அவர் ஆடியது 8 டெஸ்ட். இந்தியப் பதவிக்கு அவரும் போட்டியிட்டிருந்தார், கிடைத்தது சப்பலுக்கு. அன்று இலங்கை 3 விக்கெட்டுகளால் வென்றது.

ஒரு ஆட்டத்தை வைத்து என்ன சொல்வது என்பீர்கள். சரி, 2007 உலகக் கிண்ணத்துக்கு வாருங்கள். சப்பலின் இந்தியா முதலில் பங்களாதேஷிடம் தோற்றது. அதன் பயிற்றுநர் டேவ் வட்மோர், 7 டெஸ்ட் ஆடியவர். பிறகு மூடியின் இலங்கையிடம் தோற்று, முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. இறுதியாட்டத்தில் மூடியை வென்ற அவுஸ்திரேலியப் பயிற்றுநர் ஜோன் புக்கானன் டெஸ்ட்டே ஆடியதில்லை. முதல்தரப் போட்டிகளே மொத்தம் ஏழுதான். 1996இல் நமக்குக் கிண்ணம் வந்தபோது பயிற்றுநராக இருந்தவரும் இதே வட்மோர். பட்டாசு கொளுத்திய இரவில் அவருடைய துடுப்பாட்டச் சராசரியை யார் விசாரித்தோம்?

கேரி கேர்ஸ்டன் 101 டெஸ்ட் ஆடிவிட்டுத்தான் 2011இல் இந்தியாவோடு கிண்ணம் வென்றார். பெரிய ஆட்டக்காரர்களோடு எனக்குப் பகையில்லை. ஸ்கோர் புத்தகத்தையே நியமனக் கடிதமாக வாசிப்பதோடுதான் சண்டை.

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு முன்னாள் நட்சத்திரம் வாய்த்தார். கால் எங்கே வைப்பது என்று கேட்டால் மட்டையைப் பிடுங்கி, “இந்தா, இப்படி” என்று வேலிக்கு வெளியே அடிப்பார். நாங்கள் கைதட்டுவோம். கால் எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. தெரிய வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை.

தடுமாறியவனுக்குத்தான் அந்தக் கணக்குத் தேவைப்படுகிறது. ரென்னிஸில் போல் அனகோனைப் பாருங்கள். டென்னசிப் பல்கலைக்கழக அணியில் ஆடி வந்தவர். பெருந்தொடர்களின் ஒற்றையரில் காலிறுதியைத் தாண்டவில்லை. பீட் சாம்ப்ராஸும் பின்னர் ரோஜர் ஃபெடரரும் அவரைத்தான் பயிற்றுநராக வைத்துக்கொண்டார்கள். தங்களைவிட நன்றாக ஆடுபவரா அவர்களுக்குத் தேவைப்பட்டார்?

அவ்வளவு தூரம் போவானேன். தம்புள்ளையிலிருந்து மாத்தளை வழியாகக் கண்டிக்கு இறங்கினால் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. அங்கே மிதவேகம் வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனை, சுழற்பந்துக்கு மாறு என்றார் பள்ளிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. பையன் முரளிதரன், பின்னால் 800 டெஸ்ட் விக்கெட்டுகள். பிளேன்ரீக் கடையில் சுனில் பெர்னாண்டோ என்று சொல்லிப் பாருங்கள். “அது யாரு?” என்பார்கள்.